ஒரு கட்டை சுருதியும் 100 ஹெர்ட்ஸும்: போனோ பிரீஆம்ப் நாட்குறிப்பு

2024 ஜூன் 8

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் நெடுங்காலம் இருந்த மூவிங் மேக்னட் (எம்எம்) கார்ட்ரிட்ஜை, அதாவது ஊசியின் அசைவை மின்னலையாக்கும் சிறு பாகத்தைக் கழற்றிவிட்டு, இன்று டெனான் டிஎல்-103-ஐப் பொருத்தினேன். ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக 1960-களில் உருவாக்கப்பட்ட மூவிங் காயில் (எம்சி) கார்ட்ரிட்ஜ் இது. எம்எம்மில் காந்தம் அசையும், இதில் கம்பிச்சுருள். ஊசியழுத்தம் 2.5 கிராம், உள்மின்தடை 40 ஓம், வெளியீடு 0.3 மில்லிவோல்ட் மட்டுமே. என் ஆம்ப்ளிபையரில் உள்ள போனோ பகுதி (கார்ட்ரிட்ஜின் சிறு மின்னலையைப் பெருக்கும் பிரீஆம்ப்) 40 டெசிபெல், அதாவது நூறு மடங்கு பெருக்கக்கூடியது. பழைய கார்ட்ரிட்ஜின் 4 மில்லிவோல்ட் அதில் 400 ஆனது, இதுவோ 30-ஐத் தாண்டவில்லை. வால்யூமைக் கடைசி வரை திருப்பினால் பாட்டுக்கு முன்பே சீறல் வந்துவிடுகிறது.

ஜூன் 11

60 டெசிபெல் தரும் எம்சி பிரீஆம்ப் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி வந்தேன். சீறல் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனால் ஒரு கட்டை சுருதியில் (மேற்கத்திய இசையின் 'சி') பாடிய பாடகர் ஒருவரின் கச்சேரித் தட்டை வைத்ததும், தம்புராவில் இனம்புரியாத ஒரு நடுக்கம் தெரிந்தது. தட்டில்தான் குறை என்று முதலில் எண்ணினேன். ஊசியைத் தூக்கிய பின்னும் அடியில் மெல்லிய உறுமல் தொடர்ந்தது.

காகிதத்தில் கணக்குப் போட்டதும் காரணம் விளங்கியது. ஒரு கட்டையில் தம்புராவின் மந்தர பஞ்சமம் (கீழ்ஸ்தாயி 'ப') ஏறக்குறைய 98 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், பிரீஆம்பின் பவர் சப்ளையில் நேர்மின்னோட்டமாக மாறும்போது இரட்டித்து, 100 ஹெர்ட்ஸ் எச்சமாகத் தங்கிவிடுகிறது. 98-க்கும் 100-க்கும் உள்ள இடைவெளி, நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் ஒரு விம்மலாகிப் பஞ்சமத்தின் மேல் படிகிறது. பியானோத் தட்டில் கவனிக்காமல் விட்டுவிடக்கூடிய உறுமல், இடைவிடாது சுருதி ஒலிக்கும் நம் இசையில் சுருதியையே கலைக்கிறது. எனவே எனக்கு வேண்டிய கருவியின் முதல் தகுதி உறுமலின்மைதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஜூன் 15

மின்சாரமே தேவைப்படாமல் கார்ட்ரிட்ஜின் மின்னழுத்தத்தை உயர்த்தும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மரின் பக்கம் மனம் சாய்ந்தது. அதிலிருந்து வரும் ஒலியைச் சாதாரண எம்எம் பிரீஆம்ப் ஏற்றுக்கொள்ளும். அதன் இரு பக்கக் கம்பிச் சுற்றுகளின் விகிதம் கூடக் கூட ஒலியும் கூடும் என்று விற்பனையாளர் ஒருவர் தொலைபேசியில் உறுதியாகச் சொன்னார். அது பாதி உண்மைதான். பிரீஆம்பின் 47,000 ஓம் உள்ளீட்டு மின்தடை, டிரான்ஸ்பார்மரின் வழியே கார்ட்ரிட்ஜுக்கு அப்படியே தெரிவதில்லை. விகிதத்தின் வர்க்கத்தால் வகுபட்டுத்தான் தெரிகிறது. 1:10 என்றால் 470 ஓம், 1:20 என்றால் 117 ஓம், 1:36 என்றால் வெறும் 36 ஓம். கார்ட்ரிட்ஜின் 40 ஓம் அந்தச் சுமையோடு மின்னழுத்தத்தைப் பங்குபோட்டுக்கொள்வதால், பிரீஆம்பை வந்தடைவது முறையே 2.8, 4.5, 5.1 மில்லிவோல்ட். 20-லிருந்து 36-க்குப் போனால் சுற்றுகள் ஏறத்தாழ இரட்டிக்கின்றன, ஒலியோ ஒரு டெசிபெல் அளவே கூடுகிறது.

கேபிளின் கொள்ளளவோ (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) இதற்கு நேரெதிர்: விகிதத்தின் வர்க்கத்தால் பெருகுகிறது. கேபிளும் பிரீஆம்பும் சேர்ந்து 200 பிகோபாரட் என்றால், 1:10-இல் கார்ட்ரிட்ஜ் காண்பது 20,000. 1:36-இல் இரண்டரை லட்சத்துக்கும் மேல். வயலினின் மேல்ஸ்தாயி அங்கேதான் பாதிக்கப்படும் என்பது என் அச்சம். 1:36-ஐக் கேட்டுப் பார்க்காமலே விலக்கிவிட்டேன்.

ஜூன் 22

1:10, 1:20 இரண்டையும் திருப்பித் தரும் நிபந்தனையோடு வாங்கி வந்தேன். வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், நான் மல்டிமீட்டரோடு நிற்பதைக் கண்டு பதறிவிட்டார். "தம்பி, அதில மீட்டர் வைக்காதீங்க. பேட்டரியோட கரண்ட் போனா கோர் காந்தமாயிடும், கார்ட்ரிட்ஜிலயும் வைக்கக் கூடாது" என்றார். அவர் சொல்லாதிருந்தால் நான் நிச்சயம் அளந்திருப்பேன்.

இணைத்தவுடன் உறுமல், முன்னைவிடப் பலமாகவே வந்தது. ஆம்ப்ளிபையரின் மின்மாற்றியிலிருந்து கசியும் காந்தப் புலத்தை இந்தச் சிறு பெட்டி ஆண்டெனாபோல வாங்கிக்கொண்டிருந்தது. அலமாரியின் மறுகோடிக்குக் கொண்டுபோய், ஹெட்போனைக் காதில் வைத்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஒரு கோணத்தில் உறுமல் சட்டென்று விழுந்தது. அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். மிச்சமிருந்த ரீங்காரத்துக்கு எர்த் வயர்தான் காரணம். டோன்ஆர்மிலிருந்து வரும் எர்த்தை டிரான்ஸ்பார்மருக்கும் ஆம்ப்ளிபையருக்கும் தனித்தனியே கொடுத்திருந்தேன். டோன்ஆர்மிலிருந்து டிரான்ஸ்பார்மர், அங்கிருந்து ஆம்ப்ளிபையர் என்று ஒரே வழியாக்கியதும் அதுவும் நின்றது.

ஜூன் 29

எம்எம் பிரீஆம்ப் முடிவாகிவிட்டது. பவர் சப்ளை தனிப் பெட்டியில் இருந்து, நீண்ட வயரால் தள்ளி வைக்க முடிகிற ஒன்றைத் தேர்ந்தேன். உள்ளீட்டுக் கொள்ளளவும் குறைவு. 50 மில்லிவோல்ட் வரை சிதையாமல் தாங்குகிறது என்பதால், 1:10-இன் 2.8 மில்லிவோல்ட்டுக்கு மேல் 25 டெசிபெல் இடம் மிச்சமிருக்கிறது. பழைய தட்டுகளின் கீறல் ஒலிகள் இசையைவிட உயர எழுபவை. அவை சிதையாமல் வந்து சட்டென்று மறைய இந்த இடம் அவசியம். ஆர்ஐஏஏ சமனாக்கம் (தட்டில் குறைத்துப் பதித்த அடிநாதத்தை மீட்டு உயர்த்தும் ஏற்பாடு) 20 ஹெர்ட்ஸை 19 டெசிபெல்லுக்கும் மேல் உயர்த்துவதால், வளைந்த தட்டுகளின் ஆட்டத்தை அடக்க அடிநாத வடிகட்டி ஒன்றும் இதில் உண்டு.

ஜூலை 4

இரண்டு டிரான்ஸ்பார்மர்களையும், வால்யூமைச் சமன்செய்து, ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேட்டேன். 1:20-இல் மிருதங்கத்தின் தொப்பி (அடிநாதம் தரும் பக்கம்) இறுக்கமாக விழுகிறது. அந்த அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் வயலின் வில் தந்தியைத் தொடும் அந்தக் கணம் 1:10-இல்தான் முழுதாக வருகிறது. 1:20-ஐ நாளை திருப்பிக் கொடுக்கப்போகிறேன்.

இரவு அதே கச்சேரித் தட்டை வைத்தேன். பாடகர் தொடங்குவதற்கு முன் தம்புரா மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில் பஞ்சமம் ஆடாமல் நின்றது. அதன் பின்னே சாரணைத் தந்திகள் (நடு ஸட்ஜம்) இரண்டும், மந்தரமும் (கீழ் ஸட்ஜம்) ஒவ்வொன்றாக எண்ணிவிடும்படி வந்தன.