வெள்ளைப் பாம்பின் கணக்கு

சாரைப்பாம்பு வளவுக்குள் வந்தாலே தடியைத் தேடும் கல்லடி வீட்டிலிருந்து, அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழும் நஞ்சற்ற சோளப்பாம்பின் நிறங்களைப் பற்றி நான் ஏன் படிக்கிறேன் என்பது அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. அதன் இயல்பான உடல் செம்மஞ்சள்; அதன்மேல் கறுப்பு விளிம்பிட்ட சிவப்புத் திட்டுகள். கறுப்பு நிறமியற்ற தூயவழிப் (அப்பண்பு தலைமுறைதோறும் மாறாமல் வரும்) பாம்பையும் சிவப்பு நிறமியற்ற தூயவழிப் பாம்பையும் இணைத்தால், இரு பண்புகளும் வெவ்வேறு பின்னிடைவான (தாய், தந்தை இருவரிடமிருந்தும் கிடைத்தால் மட்டுமே வெளிப்படும்) மரபணுக்களால் வருவதனால், குட்டிகள் அனைத்தும் இயல்பு நிறத்திலேயே பொரிக்கும், ஏமாற்றம்தான். ஆனால் அக்குட்டிகளைத் தமக்குள் இணைக்கும்போது, உயர்தர வகுப்பு உயிரியலில் நாங்கள் விளங்காமலே மனனம் செய்த 9:3:3:1 விகிதம் (இயல்பு நிறம் 9, கறுப்பற்றவை 3, சிவப்பற்றவை 3, இரண்டுமற்றது 1) உயிர்பெற்று, சராசரியாக 16 இல் 1 குட்டி இரு நிறமிகளும் அற்று, ‘ஸ்னோ’ எனப்படும் வெண்பாம்பாக வெளிவரும். வளர வளர அதன் கழுத்தோரம் மெல்லிய மஞ்சள் படிவதும் உண்டு.