எத்தனை சவரன் என்று முதலில் கேளுங்கள்

கெட்டிக்காரத் திருடன் ஒருத்தன், அவனைப் பிடிக்காமல் தூங்க மாட்டேன் என்று அலையும் இன்ஸ்பெக்டர் ஒருத்தர். இந்த ஜோடியை வைத்துக் கதை எழுதுகிறவர்கள் மூளையை எல்லாம் திருடனுக்கே கொடுத்துவிடுகிறார்கள். இன்ஸ்பெக்டருக்கு மிஞ்சுவது மீசையும் ஜீப்பும்தான். உண்மையில் அவருடைய வெறி தெரிய வேண்டிய இடம் துரத்தல் இல்லை, அவர் கேட்கிற கேள்விகள். கொங்கு நாட்டில் கதை நடந்தால் அந்தக் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை.

பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவில் ஒரு தோட்டத்துச் சாளை, அதாவது காட்டுக்குள் தனியாக நிற்கும் வீடு என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. பிள்ளைகள் திருப்பூரில், பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் இங்கே. ராத்திரி மும்முனை கரண்ட் வந்தால் பெரியவர் பயிருக்குத் தண்ணி கட்டக் காட்டுக்குள் போய்விடுவார் (கொங்கில் காடு என்றால் விவசாய நிலம்). அந்த நேரம் வெளியூர்த் திருடனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் முதலில் பூட்டைப் பார்க்க வேண்டியதில்லை, நாயை விசாரிக்க வேண்டும்.

"ஆத்தா, போன வாரம் நாய்க்கு ஏதாச்சும் ஆச்சுங்களா?"

"ஆமாங் சாமி, நாலு நாளைக்கு முன்னால நுரை தள்ளிச் செத்துப்போச்சுங். பாம்பு தீண்டியிருக்கும்னு பொதைச்சுட்டோமுங்."

புதைத்த இடத்தைத் தோண்டி, கால்நடை மருத்துவரை வைத்து வயிற்றுப் பகுதியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் விஷமா பாம்பா என்று தெரியும். விஷம் என்றால் திருடன் நாலு நாள் முன்பே அந்தப் பக்கம் வந்து போயிருக்கிறான். அந்த நாளின் சிசிடிவிப் பதிவை, பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டி அழித்து மேலெழுதுவதற்குள் எடுத்தாக வேண்டும். பல பெட்டிகளில் பதினைந்து நாளோ ஒரு மாதமோதான் பதிவு நிற்கும். பெட்டியின் கடிகாரம் உண்மை நேரத்துக்கு எத்தனை நிமிடம் முன்பின் என்பதையும் அங்கேயே குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் திருடன் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இருந்தான் என்று வக்கீல் சொல்லிவிடுவார். இரவில் அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் சட்டை நிறம் தெரியாது. "நீலச் சட்டைக்காரன்" என்று எழுதுவது கதைகளில் வழக்கமான சறுக்கல்.

கைரேகைக்கு வருவோம். பெயின்ட் அடித்த இரும்பு பீரோ நல்ல இடம். கரும்பச்சை பீரோ என்றால் அலுமினியப் பவுடர், வெள்ளைப் பரப்பு என்றால் கறுப்புப் பவுடர். சொரசொரப்பான நிலவுக்கட்டையில் (கதவு நிலைச் சட்டத்தில்) ஒன்றும் ஒட்டாது. வீட்டார் எல்லோருடைய ரேகையும் வாங்கிக் கழித்த பிறகுதான் மிச்சமிருப்பது திருடனுடையது. மோப்ப நாய் மெயின் ரோடு வரை ஓடி நின்றுவிட்டது என்று செய்திகளில் வருமே, அது நாயின் குற்றமில்லை. அங்கே அவன் வண்டி ஏறிவிட்டான், தரையில் வாசனை முடிந்துவிட்டது.

நம் இலக்கியத்தில் இன்ஸ்பெக்டருக்கு முன்பே திருடன் வந்துவிட்டான். சிலப்பதிகாரத்தில் கோவலனைச் சிக்க வைக்கும் பொற்கொல்லன், கள்வருக்குத் துணை மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டை அடுக்குகிறான். பகலில் தூதன் வேடத்தில் வாசலில் இருந்து, இருட்டில் பெண் வேடத்தில் உள்ளே புகுந்து, தூங்கும் இளவரசனின் வயிர ஆரத்தைக் கழற்றிய ஒருத்தனையும் சொல்கிறான். விழித்தவன் உடைவாளை உருவி வீச, ஒவ்வொரு வீச்சையும் உறையாலேயே வாங்கிச் செருகினானாம் அந்தக் கள்ளன். எந்தக் காலத்துக் கதைக்கும் அவன் ஒருத்தன் போதும். ஆனால் எட்டில் இடம், காலம், கருவி மூன்றைத்தான் போலீஸ் "எம்.ஓ." (திருடும் பாணி) என்று எழுதிக்கொள்கிறது. நாயைக் கொன்றது மருந்துக் கணக்கில் சேரும் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இனி தலைப்புக்கு. புகாரில் 42 சவரன். பிடிபட்ட திருடன் 29 என்கிறான். யார் பொய்? இரண்டு பேரும் பொய் சொல்லாமலும் இருக்கலாம். மருமகள் வங்கியில் அடகு வைத்தது மாமியாருக்குத் தெரியாமல் இருக்கலாம், சில உருப்படி கவரிங்காக இருக்கலாம். தலைகீழாகவும் நடக்கும்: காடு விற்ற ரொக்கம் பீரோவில் இருந்தது, வருமான வரிக்குப் பயந்து புகாரில் எழுதவில்லை. திருடன் அந்தப் பணத்தைப் பற்றி வாய் திறந்தால் புகார்தாரர் முகம் மாறும். ஒரு அத்தியாயத்தையே இந்த 13 சவரனில் ஓட்டலாம்.

நகை பட்டறைக்குப் போய்விட்டால் வேலை முடிந்தது. சுத்தத் தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும், நகைத் தங்கம் அதற்குச் சற்று முன்பே. தாலிக்கொடியும் நெளிவளையலும் ஒரே கட்டியாகிவிட்டால் யாருடையது என்று எந்த ஆத்தாளும் அடையாளம் காட்ட முடியாது. 2023-க்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளக் குறி, ஹெச்.யு.ஐ.டி. இருக்கும். கடை பில்லிலும் அது எழுதியிருந்தால், உருகாமல் தப்பிய ஒரு வளையல் வழக்கையே தாங்கும். பாட்டி காலத்து நகைக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் நம் இன்ஸ்பெக்டர் திருடனைத் தேடுவதற்கு முன்னால் கோவையில் நகைக் கடைகள் இருக்கும் ராஜ வீதிப் பக்கம் ஆள் அனுப்புவார்.

சட்டப் பிரிவை மாற்றி எழுதிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த திருட்டு என்றால் பழைய ஐ.பி.சி. 457, 380 கிடையாது, புதிய சட்டமான பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 331(4), 305. இரவில் திருடக் கன்னமிட்டால் 14 ஆண்டு வரை. பகலில் என்றால் 331(3), 10 ஆண்டு வரை. வீட்டார் குலதெய்வக் கோயிலுக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்தால் பகலா இரவா என்று யார் சொல்வது? அந்த நாலு வருஷ வித்தியாசத்துக்காகப் பால்காரரிடமும் தண்ணி திறந்து விடுகிறவரிடமும் விசாரிக்கிறவர்தான் வெறி பிடித்த இன்ஸ்பெக்டர். திருடன் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. "மாட்டுக்கொட்டாயில் புதைத்தேன்" என்று அவன் சொல்லி, அங்கே தோண்டி எடுத்தால், அந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணமான பகுதி மட்டும் செல்லும். வி.ஏ.ஓ. சாட்சியாக நிற்க, வீடியோ ஓட, எடை போட்டு, கைப்பற்றியதைக் குறிக்கும் மகஜர் எழுத வேண்டும்.

எல்லை இன்னொரு தலைவலி. ஜப்பானில் 1967-ல் தொடங்கிய லூபின் என்ற திருடனின் காமிக்ஸில் அவனைத் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜெனிகாட்டா, இன்டர்போல் அதிகாரியாக நாடு நாடாகப் போய் விலங்கை வீசுகிறார். நிஜ இன்டர்போலுக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. அந்தந்த நாட்டுப் போலீஸ்தான் பிடிக்கும். நம்மவருக்குக் கேரள எல்லையான வாளையாறே போதும். பாலக்காட்டில் பிடித்தால் உள்ளூர் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் கொண்டுவந்து ஆஜர்படுத்த முடியாது என்று பட்டால் அங்குள்ள மாஜிஸ்திரேட்டிடம், அவனை இங்கே கொண்டுவர அனுமதிக்கும் டிரான்சிட் வாரண்ட் வாங்க வேண்டும்.

இதற்குள் அவருக்கு மாறுதல் வந்திருக்கும். வழக்கு அவரோடு போகாது, ஸ்டேஷனிலேயே இருக்கும். ஜாமீனில் போன திருடன் வேறு ஊரில் ஒரு சில்லறை பைக் திருட்டில் மாட்டி ஜெயிலில் இருப்பான். புது இன்ஸ்பெக்டர், ஜெயிலில் இருப்பவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும் பி.டி. வாரண்ட் போட்டு அவனை வரவழைப்பார். பழையவர், மூன்று வருஷம் கழித்து, சம்மன் வந்து விசாரணை அதிகாரியாகச் சாட்சிக் கூண்டில் ஏறுவார். எதிரே அவன் நிற்பான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மறுபடி நேராகப் பார்க்கும் இடம் அதுவாகவே இருக்கலாம். அவனுடைய வக்கீல் எழுந்து முதலில் கேட்பார்: "மாட்டுக்கொட்டாயில் அந்த வளையலை எடை போட்டது யாருடைய தராசுங்க?"