7 நாள் கியூரிங் 21 நாளான கதை

கொள்ளுப்பிட்டியில் நாங்கள் கட்டும் மாடிக் கட்டடத்தின் அட்டவணையைத் திட்டமிடல் மென்பொருளான பிரைமவேரா பி6இலிருந்து எடுத்து, தாமத அபாயங்களைக் கணிக்கும் ரிஸ்க் மென்பொருளுக்குள் போன மாதம் ஏற்றினேன். ஒரு ரிஸ்க்கும் இன்னும் சேர்க்கவில்லை. ஆனால் முடிவுத் திகதி இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளிப் போயிருந்தது. எந்த வேலைக்குப் பின் எது என்று சொல்லும் லொஜிக் இணைப்புகளைச் சந்தேகித்து ஒரு பின்னேரம் முழுக்கத் தேடினேன்.

பிழை அங்கே இல்லை. கூட வேலை செய்யும் பிளானிங் அண்ணா திரையைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, கியூரிங் எத்தனை நாள் எண்டு இருக்கு, பாருங்கோ" என்றார். 21 நாள்! கொங்கிரீட் சிலாபை ஈரமாக வைத்து இறுக விடும் இந்த வேலைக்கு நான் போட்டது 7.

பி6 திரையில் நாளாகக் காட்டினாலும் வேலைக் காலத்தை உள்ளே மணித்தியாலமாகவே வைத்திருக்கும். அட்டவணையை வெளியே கொண்டுபோகும் எக்ஸ்இஆர் கோப்பிலும் மணித்தியாலம்தான் போகும். கியூரிங் 24 மணித்தியாலக் காலண்டரில் இருப்பதால் 7 நாள் என்பது 168 மணித்தியாலம். ஏற்றும்போது 'ஒரு நாள் = 8 மணித்தியாலம்' என்று வந்ததை நான் மாற்றாமல் விட்டிருந்தேன். 168ஐ 8ஆல் பிரித்தால் 21. சைட் காலண்டர் 10 மணித்தியாலம். அங்கே 20 நாள் வேலை 25 ஆகியிருந்தது. டிசைன், அப்ரூவல் வேலைகள் மட்டும் 8 மணித்தியாலக் காலண்டர், அதனால் சரியாக நின்றன. முதலில் அவற்றைப் பார்த்துத்தான் எல்லாம் சரி என்று நினைத்துவிட்டேன்.

திரும்ப ஏற்றினேன். இம்முறை அலகு மணித்தியாலம். காலண்டர் ஒவ்வொன்றுக்கும் அதனதன் நாள் நீளம். சனிக்கிழமை 5 மணித்தியாலம் வேலை செய்கிற எங்கள் ஊருக்கு நாளை அலகாக எடுப்பது சரிவராது என்பது என் எண்ணம். அந்த அரை நாள் ஒன்றில் முழு நாளாகும், இல்லாவிட்டால் காணாமல் போகும். போயா (பௌர்ணமி) விடுமுறைகள் வந்திருக்கின்றனவா என்று மாதம் மாதமாகத் திறந்து பார்த்தேன். லாக், அதாவது இரண்டு வேலைகளுக்கு இடையில் விடும் காத்திருப்பு, எந்தக் காலண்டரில் எண்ணப்படுகிறது என்பதையும் பி6 செட்டிங்கோடு ஒப்பிட்டுத் திருத்தினேன்.

அடுத்தது ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது, பெரும்பாலும், கூடியது என்ற மூன்று மதிப்பீடுகள். சைட் எஞ்சினியர்மார் ஒரு வேலைக்கு 18, 20, 28 நாள் என்று தந்தார்கள். மணித்தியாலக் கட்டத்தில் அப்படியே அடித்திருந்தால் 20 நாள், அதாவது 200 மணித்தியால வேலை மிஞ்சினால் 28 மணித்தியாலத்தில் முடிந்திருக்கும். 90, 100, 140 வீதம் என்று மாற்றிப் போட்டேன். வீதத்துக்கு அலகுச் சிக்கல் இல்லை.

பிறகு ரிஸ்க் ஒன்றும் இல்லாமல் ஒருமுறை கணக்கிட்டேன். பி6இல் இருந்த அதே முடிவுத் திகதி. அதைக் கண்ட பிறகுதான், இந்த மதிப்பீடுகளை வைத்து முடிவுத் திகதியைப் பல தடவை கணக்கிட்டுப் பார்க்கும் சிமுலேஷனைத் தொடங்கினேன்.