பல்லாவரம் வெள்ளிக்கிழமைகள்

ஜூன் 6, வெள்ளி

பழைய ட்ரங்க் ரோட்டு வெள்ளிச் சந்தையில் காலையிலேயே நல்ல வெயில். செடி, புறா, மிக்ஸி ஜார், ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் தாண்டிப் போனால், ரேடியோ விற்கும் அண்ணனின் தார்ப்பாயில் ஒரு பிஸ்கட் டின் நிறைய போட்டோ. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "வீடு காலி பண்ணாங்கம்மா" என்பார், எப்போதும் இதே பதில்தான். தனித்தனியாகவும் தருவேன் என்றார். புரட்டியதில் அதே முகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு குடும்பத்தைப் பிரித்து எடுக்க மனசு வரவில்லை, டின்னோடு வாங்கிவிட்டேன்.

கறுப்பு அட்டை ஆல்பம் எதுவும் இல்லை.

ஜூன் 7, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து ரிசல்ட் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

தூக்கம் வராமல் டின்னைத் திறந்தேன். ஒரு படத்தில் பெரியவர் நாற்காலியில் இருக்கிறார், கழுத்தில் மாலை, சுற்றிலும் வீட்டார். கண் மூடியிருப்பதைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இறந்தவரை உட்காரவைத்து, ஸ்டூடியோக்காரரை வீட்டுக்கு வரவழைத்து எடுப்பது அந்தக் காலத்து வழக்கம். எத்தனையோ பேருக்கு ஆயுளில் எடுத்த ஒரே படம் அதுதான். இதையா டின்னில் போட்டு விற்க விட்டார்கள்? கோபமாக வந்தது. அப்புறம், அவர் யார் என்று சொல்லத் தெரிந்த கடைசி ஆளும் போயிருப்பார் என்று தோன்றியது, கோபம் போய் பயம் வந்தது.

இன்னொன்றில் இளம்பெண் ஒருத்தி முக்காலியில் கை வைத்து நிற்கிறாள், பின்னால் திரையில் வரைந்த படிக்கட்டு. சாய்த்துப் பிடித்தால் ஓரங்களில் நீலமாக மினுக்குகிறது. படத்தில் இருக்கும் வெள்ளி வருஷக்கணக்கில் மேலே வந்து படிவதால் அப்படி. பின்பக்கம் மசியில் "அன்புள்ள அக்காவுக்கு" என்று மட்டும். பெயர் இல்லை. அக்காவுக்கு எதற்குப் பெயர்?

ஜூன் 13, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறங்கிக்கொண்டேன். ஒரு பித்தளைக் குடம், கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து: "சகோதரி திருமணத்திற்கு அன்பளிப்பு 10-6-62". எடைக்குப் போடுகிறார்கள். எழுத்துக்குத் தனி விலையா கேட்கப் போகிறேன் என்கிறார் விற்பவர்.

ரேடியோ அண்ணனின் அப்பா மூர் மார்க்கெட்டில் கடை வைத்திருந்தாராம். 1985 தீயில் எல்லாம் போனது. பழைய புத்தகத்துக்கு நடுவில் இப்படிப் போட்டோக் கட்டுகளும் அங்கே கிடக்குமாம். ஆல்பம் ஏதாவது வந்தால் எடுத்துவைக்கச் சொல்லி நம்பர் கொடுத்தேன். கறுப்பு அட்டை, பக்கவாட்டில் சிவப்புக் கயிறு.

ஜூன் 14, சனி

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே வைத்துப் பார்த்தாள். அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை. "இந்தப் படிக்கட்டுல நானும் நின்னிருக்கேன். கும்பகோணம். மூணாவது படிகிட்ட திரை கிழிஞ்சிருக்கும், அதை மறைக்கத்தான் பூந்தொட்டி வெப்பான்."

பூந்தொட்டி அங்கேதான் இருக்கிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

"அந்தப் படம் நம்ம ஆல்பத்துல இருக்குமே, எடு" என்றாள். என் அண்ணன் வீடு மாறியபோது காணாமல் போனதை எத்தனை தடவை சொல்வது. பீரோவில் இருக்கும்மா, நாளைக்கு எடுக்கிறேன் என்றேன். கையில் இருந்ததைத் திருப்பித் தரவில்லை, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடித்தேடி ஸ்கேன் செய்திருக்கிறது, 1880 முதல் 1980 வரை. ராத்திரி முழுக்க அதில் படிக்கட்டு தேடினேன். எத்தனை விதமான படிக்கட்டுகள்! கைப்பிடிச் சுவர், தூண், தொங்கும் திரைச்சீலை, ஏரி, மாளிகை. ஓலை வீட்டிலிருந்து வந்தவர்களும் அதன் முன்னால் நிமிர்ந்து நிற்கிறார்கள். நம் படிக்கட்டு கிடைக்கவில்லை.

டின்னில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரண்டு படங்கள். பிரித்தால் முகம் உரிந்து வந்துவிடும். அப்படியே உறையில் போட்டு, பென்சிலால் "ஒட்டியவை" என்று எழுதி வைத்தேன்.

ஜூன் 18, புதன்

அம்மா சாப்பிடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. திங்கட்கிழமை அட்மிஷன்.

சந்தைக்குப் போகவில்லை. பத்து மணிக்கு ரேடியோ அண்ணன் போன்: கறுப்பு அட்டை, கயிறு இருக்கு, நிறம் போயிருச்சு, முன்பக்கம் நாலஞ்சு தாள் இல்லை, வேற ஒருத்தரும் விலை கேட்கிறார். யாருக்கும் கொடுக்காதீங்க என்று கத்திவிட்டேன். வாட்ஸப்பில் அனுப்பிய படத்தில் அவர் நிழல்தான் பாதி. வெயிலில் வைத்து ஒவ்வொரு பக்கமாக எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.