கிளைகாலிசிஸை ஒப்பித்தால் போதாது: முதலாமாண்டு தம்பி தங்கைகளுக்கு

சென்னையில் முதலாமாண்டு எம்.பி.பி.எஸ். பயோகெமிஸ்ட்ரி எழுதி முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். செல் குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் பாதையான கிளைகாலிசிஸின் 10 படிகளும் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், தோண்டுவது ரெகுலேஷனைத்தான்: அந்தப் பாதை எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்பதை. "ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் வெறும் வயிற்றோடு சுகர் டெஸ்டுக்கு வந்திருக்கிறார். அவர் கல்லீரலில் இப்போது என்ன நடக்கிறது?" இதற்குப் படிகளை வரிசையாக ஒப்பித்துப் பயனில்லை.

படிக்க உட்காரும்போதே ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சாப்பிட்ட பின், மறுபக்கம் பட்டினி. எந்த என்சைம் வந்தாலும் அது ஓடுகிறதா, நிற்கிறதா, யார் சொல்லி என்று இரு பக்கமும் எழுதுங்கள். ஹாஸ்டல் சத்தத்தில் இது ஓடாது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பிரிவு இருக்கிறது, அங்கே போய்விடுங்கள்.

கிளைகாலிசிஸில் திரும்பி வர முடியாத படிகள் மூன்றே. ஹெக்ஸோகைனேஸ் (கல்லீரலில் குளுக்கோகைனேஸ்), பாஸ்போஃப்ரக்டோகைனேஸ்-1, பைருவேட் கைனேஸ். குளுக்கோஸைப் புதிதாகத் தயாரிக்கும் எதிர்ப்பாதையான குளுக்கோநியோஜெனிசிஸ் இந்த மூன்றையும் நான்கு தனி என்சைம்களைக் கொண்டு சுற்றிப் போகிறது. மீதி 7 படிகள் இரண்டுக்கும் பொது. ரெகுலேஷன் முழுவதும் இந்த மூன்று இடங்களில்தான்.

அதிலும் நேரத்தைக் கொட்ட வேண்டியது ஃப்ரக்டோஸ் 2,6-பிஸ்பாஸ்பேட்டில் (சுருக்கமாக 2,6). 1980-ல்தான் கண்டுபிடித்தார்கள். கிளைகாலிசிஸ் பாதையின் நடுவில் வரும் பொருளே இல்லை, வெறும் சமிக்ஞை. ஆனால் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ்-1-ஐ முடுக்கிவிட்டு, எதிர்த்திசை என்சைமான ஃப்ரக்டோஸ் 1,6-பிஸ்பாஸ்படேஸை அடக்கிவிடுகிறது. இதை உண்டாக்குவதும் உடைப்பதும் ஒரே புரதம். பட்டினியில் குளுக்ககான் என்ற ஹார்மோன் ஏறினால் செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. கூடும், பாஸ்பேட் ஒட்டும் என்சைமான புரோட்டீன் கைனேஸ் ஏ விழித்துக்கொள்ளும், அந்தப் புரதத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டும். உடனே அது உடைக்கும் வேலைக்கு மாறிவிடும். 2,6 குறையும், கிளைகாலிசிஸ் தணியும், கல்லீரல் குளுக்கோஸ் தயாரிக்கத் தொடங்கும். இன்சுலின் வந்தால் எல்லாம் தலைகீழ். புத்தகத்தை மூடிவிட்டு இதை அம்புக்குறி போட்டு வரைய வரும்வரை அடுத்த பக்கம் போகாதீர்கள். இந்தப் பாடத்தில் இதைவிட அழகான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி "இதயத்திலும் இப்படித்தானா?" என்று வரும். இல்லை. அங்கே இருப்பது அதே என்சைமின் வேறு வடிவம் (ஐசோசைம்). பாஸ்பேட் ஒட்டினால் 2,6 கூடத்தான் செய்யும். அதனால் பட்டினியா என்று கேட்பதோடு, எந்தத் திசு என்றும் கேட்டுப் பழகுங்கள். குளுக்கோஸை ரத்தத்தில் விடத் தேவையான கடைசி என்சைமான குளுக்கோஸ் 6-பாஸ்படேஸ் தசையில் கிடையாது. தன் கிளைகோஜனை (சேமித்து வைத்த குளுக்கோஸை) தானே எரிக்கும், ரத்தத்துக்கு ஒரு துளி குளுக்கோஸ் தராது.

இது பிடிபட்டால் கிளைகோஜன் ஸ்டோரேஜ் நோய்கள் தானாக வரும். வான் கீர்க்கே நோயில் குளுக்கோஸ் 6-பாஸ்படேஸ் இல்லை. பட்டினியில் சர்க்கரை சரியும், கல்லீரல் வீங்கும், ரத்தத்தில் லாக்டேட் (ஆக்ஸிஜன் இல்லாமல் குளுக்கோஸ் உடையும்போது வருவது) ஏறும். மெக்ஆர்டில் நோயில் கிளைகோஜனை உடைக்கும் தசையின் பாஸ்போரிலேஸ் இல்லை. ரத்தச் சர்க்கரை சாதாரணமாக இருக்கும், உடற்பயிற்சியில் தசை பிடித்துக்கொள்ளும், லாக்டேட் ஏறாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தே படியுங்கள்.

குளுக்கோஸின் இன்னொரு பாதையான ஹெச்.எம்.பி. ஷன்ட்டுக்கு ஒரு மாலை போதும். அந்தப் பாதையின் முதல் என்சைமான ஜி6பிடி குறைபாட்டையும், அது உள்ளவருக்கு மலேரியா மருந்தான பிரைமாக்வின் கொடுத்தால் சிவப்பணு ஏன் உடைகிறது என்பதையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.