கச்சானும் சாக்ஸ் போட்ட மைக்கும்

பதினோரு வருஷமாக எழுதுகிறேன். ஒன்பது வாசகர்கள் உண்டு. அதில் மூன்று பேர் சொந்தக்காரர்கள். இன்னொருவர் எனக்குக் கைமாற்றுக் கொடுத்தவர். ஆள் ஊரில்தான் இருக்கிறானா என்று தெரிந்துகொள்ளப் படிக்கிறார்.

போன ஆடியில் பரமக்குடியிலிருந்து அக்கா மகன் தங்கச்சிமடத்துக்கு வந்திருந்தான். கல்லூரியில் படிக்கிறான். நான் எழுதியதைப் போனில் விரலால் ஒரே தள்ளாகக் கீழே தள்ளிவிட்டு, "மாமா, இம்புட்டு எழுத்தா? யாரு படிப்பா? வீடியோ போடுங்க, காசு வரும்" என்றான்.

எவ்வளவு வரும் என்று கேட்டேன். யூடியூபில் விளம்பரக் காசில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்கள் சேர வேண்டும், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் சனங்கள் பார்த்திருக்க வேண்டும் என்றான். கணக்குப் போட்டேன். எட்டு நிமிஷ வீடியோ என்றால் 30,000 தடவை முழுசாக ஓட வேண்டும். எங்கள் தெருவில் 40 வீடு. ஆக, வீட்டுக்கு 750 தடவை. என் வீட்டை நம்பலாம். மற்றதில் ஏழெட்டு வீட்டோடு எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

இருந்தாலும் ஆசை யாரை விட்டது? சட்டையில் குத்துகிற மைக், போனை நிறுத்த ஒரு முக்காலி, இரண்டுக்குமாக 2,300 ரூபாய் அழுதுவிட்டுப் பாம்பனுக்குப் போனோம்.

எதைப் பற்றிப் பேசுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. காற்று. எங்கள் ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஊர்ப் பேச்சில் தென்கடல், வடகடல், அவ்வளவுதான். வைகாசியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, கிளம்பிவிட்டால் தென்கடல் பேயாட்டம் போடும். வடகடல் ஊருணி மாதிரி கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் எல்லாம் தலைகீழ். படகுகளும் அதற்குத் தகுந்தாற்போல் கரை மாறும். இதை நான் மூன்று முறை எழுதியாகிவிட்டது. ஒன்பது பேரும் படித்துவிட்டார்கள்.

தென்கடல் ஓரத்தில் நின்று, வயிற்றை எக்கிக்கொண்டு, "வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். போட்டுக் கேட்டால், "வண" என்று ஒரு சத்தம். அப்புறம் தார் ரோட்டில் தகரத்தை இழுத்துக்கொண்டு போவது போல ஒரே இரைச்சல். நடுவில் ஓரிடத்தில் மட்டும் "கச்சான்" என்று கேட்டது. அதை நான் சொன்னேனா, அதுவே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். சுண்டுவிரல் தண்டி மைக் எம்மாத்திரம்? மைக்குக்கு மாட்ட ரோமக் குல்லா ஒன்று உண்டாம், அது காற்றைத் தடுக்குமாம். 2,300 ரூபாயில் அது சேராதாம். மாப்பிள்ளை யோசிக்கவே இல்லை, தன் காலில் கிடந்த சாக்ஸைக் கழற்றி மைக்குக்கு மாட்டிவிட்டான். இரைச்சல் பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் அது என் மூக்குக்கு ஒரு சாண் கீழே இருந்ததும் உண்மை. அந்த வீடியோவில் நான் கண் கலங்கி, மூச்சை விட்டு விட்டுப் பேசுவதைப் பார்த்த அக்கா, "தம்பிக்குக் கடல்னா உசுரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

கரையில் பெரியவர் ஒருவர் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். எனக்குப் பழக்கமானவர். முன்பு நோட்டும் பேனாவுமாகப் போனபோது இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார். படகு முதலாளியான சம்பாட்டியிடம் வாங்கிய முன்பணம், மூத்த மருமகனோடு மனஸ்தாபம், கச்சானின் பிறப்பு வளர்ப்பு என்று ஒரே மூச்சில் கொட்டுவார். அவர் கச்சானைத் திட்டிய திட்டில் பாதியை எழுத முடியாது. அப்படிப்பட்டவர், வீடியோ என்றதும் "செத்த இரு தம்பி" என்று வீட்டுக்குப் போய்விட்டார். இருபது நிமிஷம் கழித்து வெள்ளைச் சட்டை, தலை வழிய எண்ணெய், கையில் வாட்ச்சோடு திரும்பி வந்தார். முக்காலிக்கு முன்னால் விறைப்பாக நின்று, "அனைவருக்கும் என் பணிவான வணக்கம். காற்று என்பது இயற்கை நமக்கு அளித்த கொடை" என்றார்.

"கச்சானைப் பத்திச் சொல்லுங்க அண்ணே" என்றேன்.

"கச்சான் காற்று மிகவும் சிறப்பானது."

அவ்வளவுதான். போனை அணைத்ததும் மேல் பட்டனை அவிழ்த்துக்கொண்டே, "சனியன் புடிச்ச காத்து, மூணு நாளாச் சோத்துல மண்ணை அள்ளிப் போடுது" என்றார். மாப்பிள்ளை பாய்ந்து போனைத் திருப்பினான். அவர் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

மதியம் காற்று கொஞ்சம் அடங்கியதும், ரயில் பாலத்தைத் தூக்கப் போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். ரோட்டுப் பாலத்துக்கு ஓடினோம். 1914இல் வந்த பழைய பாலம் நடுவில் இரண்டாகப் பிளந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் அப்படியில்லை, 72.5 மீட்டர் நீளத் துண்டு, தண்டவாளத்தோடு, தாம்பாளத்தைத் தூக்குவது போல மட்டமாக 17 மீட்டர் மேலே போகும். அடியில் படகுகள் வரிசையாகக் கடல் மாறும். இதைவிட என்ன வேண்டும்? போனை நானே பிடித்தேன். உச்சி வெயிலில் திரை கறுப்பாக மின்னியதே தவிர ஒன்றும் தெரியவில்லை. குத்துமதிப்பாக நீட்டிக்கொண்டு, கை ஆடக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் முழுக்க என் முகம். காலையில் எனக்கு நானே வணக்கம் சொல்லிப் பழக முன்பக்கக் கேமராவுக்கு மாற்றியது, மாறவே இல்லை. பாலம் தூக்கியதற்கு ஒரே சாட்சி என் புருவம்; மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. படகுகள் போகும்போது கண் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்கிறது, படகுக்கு ஒரு தடவை. எண்ணிப் பார்த்தோம். பதினான்கு படகு.

சரி, எழுதியாவது வைப்போம் என்று நோட்டை எடுத்தேன். அங்கேதான் வயிறு எரிந்தது. படகு என்ன நிறம், அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நின்றவன் எங்களைப் பார்த்து என்ன கத்தினான், ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. போன் ஆடாமல் இருப்பதிலேயே புத்தி இருந்திருக்கிறது. பெரியவர் பட்டனை அவிழ்த்துக்கொண்டே சொன்னது மட்டும் எழுத்துப் பிசகாமல் வந்தது. அப்போது போன் என் கையில் இல்லை. அன்றைக்கு நோட்டில் தேறியது அந்த அரைப் பக்கம்தான்.

மாப்பிள்ளை சும்மா இருப்பானா? என் முகத்தில் நாற்பது நொடியை வெட்டி, "மாமா பாலம் பார்க்கிறார்" என்று தலைப்பு வைத்து ஏற்றிவிட்டான். ஒரே வாரத்தில் 6,200 பேர் பார்த்துவிட்டார்கள். அதில் அந்தக் கைமாற்றுக்காரரும் ஒருவர். காலை ஆறு மணிக்குப் போன் வந்தது.

"தம்பி, எழுத்துல கஷ்டம் கஷ்டம்னு எழுதுவீங்க. வீடியோவுல முகம் நல்லாத் தெளிச்சியா இருக்கே. எப்பத் தர்றீங்க?"