கழுவக் கொடுத்த கார் கீறலோடு வந்தபோது

எங்களுடையது கறுப்பு ரொயோட்டா அக்சியோ கார். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபிறகு இன்னொன்று வாங்குவது கனவாகியிருந்த காலம் அது. அதனால் அப்பா அதைக் கண்ணும் கருத்துமாய்ப் பார்த்துவந்தார். பொங்கலுக்கு முதல் ஒரு சேர்விஸ் நிலையத்தில் கழுவக் கொடுத்தோம். வெயிலுக்கு எடுத்ததும் போனற் முழுக்கச் சிலந்திவலை மாதிரி மெல்லிய வட்டக் கீறல்கள். முன்கதவில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு ஆழமான கோடு.

யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் ஒழுங்கைகளில் ஓடிய கார் அது. மண்ணைத் தண்ணீரடித்து இறக்காமல், ரயர் தேய்த்த ஸ்பொஞ்சாலேயே மேலும் தேய்த்திருக்கிறார்கள். போதாததற்கு, துடைக்காமல் வெயிலில் காயவிட்டதில் எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் வெள்ளைப் பொட்டுகளாகப் படிந்திருந்தது.

கேட்ட இடங்களில் முழுக்கப் பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். கொக்குவிலில் தெரிந்த பெயின்ற் பாஸ் ஒருவர் மட்டும் மறித்தார்.

“தம்பி, கொம்பனிப் பெயின்றை ஒருக்காச் சுரண்டி எடுத்தா அந்தமாதிரித் திரும்ப வராது. முதல்ல நகத்தைக் குறுக்கால இழுத்துப் பாரும்.”

போனற்றில் நகம் வழுக்கிப்போனது. அப்படியென்றால் கீறல், நிறத்துக்கு மேலேயுள்ள கிளியர் கோட் என்ற நிறமில்லாப் பூச்சில் மட்டுந்தான். கதவிலிருந்த கோட்டில் நகம் தடக்கியது, அது அதைவிட ஆழம்.

கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரோன் தடிப்புத்தான். தலைமயிரை விட மெல்லியது. பொலிஷ் செய்வது கீறலை நிரப்புவதில்லை, சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துக் கீறலின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பூச்சுப் போய்விடும். எனவே எவ்வளவு குறைவாகத் தேய்த்து முடிக்கலாம் என்பதே கேள்வி.

பொட்டுகளை வினாகிரியில் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, உடனே கழுவிவிட்டோம். கிளே எனப்படும் களிமண் போன்ற கட்டியால் ஒட்டியிருந்த மண்ணை எடுத்தோம். விளிம்புகளில் பெயின்ற் மெல்லியது என்பதால் அங்கே மாஸ்கிங் ரேப். வெயிலேற முதல் நிழலில் வேலை தொடங்கினோம், சூடான தகட்டில் பொலிஷ் உடனே காய்ந்துவிடும். ஒரு சின்ன இடத்தில் மென்மையான பொலிஷைப் பரீட்சித்து, அது போதாத இடத்துக்கு மட்டும் அதைவிடக் கரடான கொம்பவுண்ட் போட்டோம்.

முக்கியமான விசயம் இதற்குப் பிறகுதான். பொலிஷிலுள்ள எண்ணெய் கீறலுக்குள் நிரம்பிக் கார் புதிதுபோலக் காட்டும். சில கழுவலில் கீறல் திரும்பிவிடும். பாஸ் ஐசோபுரொப்பைல் அல்ககோலை நீர்த்துத் துடைத்து, ரோர்ச் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். யாரிடம் வேலை கொடுத்தாலும் இப்படித் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு காசைக் கொடுங்கள்.

கதவுக் கோட்டுக்கு, காரின் விபரத் தகட்டிலிருந்த நிற இலக்கம் 209ஐக் கொடுத்துக் கொஞ்சம் பெயின்ற் கலக்குவித்தோம். மெல்லிய தூரிகையால் கோட்டுக்குள் மட்டும், ஒரு பூச்சுக் காய்ந்தபின் அடுத்தது, கடைசியாகக் கிளியர். நன்றாக இறுகியபின் 2000, 3000 இலக்க வோட்டர் பேப்பர் என்ற நுண்ணிய மண்கடதாசியால் ஈரமாகத் தேய்த்துப் பாஸ் பொலிஷ் செய்தார். சாய்த்துப் பார்த்தால் கோடு இன்னும் தெரியும். மினுங்கும் மைக்காத் துகள் கலந்த கறுப்பில் ஒரு கதவை மட்டும் புதிதாக அடித்தால் பக்கத்துக் கதவோடு பொருந்துவது கடினம். அதைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது கழுவுவது வீட்டில்தான். காரின் கூரையிலிருந்து தண்ணீரடித்து மண்ணை இறக்கியபின்தான் துணி படும். ரயருக்கு வேறு வாளி, வேறு துணி. சேர்விஸுக்கு விடும்போது ஒயில் மாற்றினால் போதும், கழுவவேண்டாம் என்று அப்பா சொல்லிவிடுவார்.